கொட்டகைக்குப் போகும் கயிறு

1

எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பின்தோட்டத்து மரக் கொட்டகை வரைக்கும் ஒரு கயிறு போகிறது. சுண்டுவிரல் தடிமனில் சாதாரணச் சணல் கயிறு. போன வாரம் பக்கத்து வீட்டு டாசன் கிழவர் வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, துவைத்த காலுறை இரண்டை அதில் காயப் போட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த நாட்டில் தோட்டத்தின் குறுக்கே ஒரு கயிறு போனால் அது துணி காயப் போடத்தான்.

அவர் காலுறையை மாட்டியதும் கயிறு குலுங்கியது. உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த என் மனைவி பிலோமினா, மாவுக் கையோடு தோட்டத்துக்குப் பாய்ந்து வந்தாள். நான் கொட்டகைக்குள் சுகமாகப் படுத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து மூச்சு வாங்கினாள், பிறகு வேலிப் பக்கம் திரும்பினாள்.

"ஏ பெரியவரே! அது கொடியில்ல, உசுரு! எடும் அத!"

தமிழில்தான் சொன்னாள். டாசனுக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனாலும் காலுறைகள் உடனே காணாமல் போயின.

மறுநாள் அவர் கேக் ஒன்றோடு வந்து, அந்தக் கயிறு எதற்கு என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. அவர் மூன்று கோப்பைத் தேநீர் குடித்தார், நான் அதை வேடிக்கை பார்த்தேன். எனக்கு நாள் முழுவதற்கும் இரண்டு தம்ளர் தண்ணீர்தான் கணக்கு. வெள்ளைக்காரரே இவ்வளவு பொறுமையாகக் கேட்டால் நம் ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்களா என்று தோன்றியது. நேற்றோடு அந்தக் கொட்டகை வந்து ஒரு வருடமும் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் தொம்மை. தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். முத்துச் சலாபம் என்கிற முத்துக்குளிப்பு கடைசியாக நடந்த வருடங்களில் குளியாளாகக் கடலில் இறங்கிச் சிப்பி எடுத்தவன். சலாபம் நின்ற மறுவருடம் கப்பலேறி, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில் இறங்கி, சரக்குக் கிட்டங்கியில் மூட்டை எண்ணும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்துப் பிலோமியும் நாலு வயது மகள் ஜெசிந்தாவும் வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு வீட்டுக்குள் உட்காரத் தெரியாது. சனி, ஞாயிறு வந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு கடலோரப் பாறைகளின் மேல் நடப்பேன். மழையென்றாலும் நடப்போம். கோடையில் இரண்டு பேரும் நீந்துவோம். இந்த ஊர்க் கடல் ஐஸ் பெட்டிக்குள் காலை விட்ட மாதிரி இருக்கும். கரையேறி, பல் தந்தியடிக்க, துண்டைப் போர்த்திக்கொண்டு ஜெசிந்தா கேட்பாள்: "நாளைக்குமாப்பா?" நான் "நாளைக்கும்" என்பேன். பல வருடம் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியும் பதிலும் ஜெபம் மாதிரி நடந்துகொண்டிருந்தன.

2

பிறகு கால் வீங்கியது. பாறையில் நடந்ததால் என்றேன். முகம் வீங்கியது. குளிரால் என்றேன். ஒருநாள் கிட்டங்கிப் படியேற முடியாமல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் ஓய்ந்துவிட்டன என்றார்கள்.

நம் ஊரிலாக இருந்தால் அதோடு கடைசி ஜெபத்துக்குக் குருவானவரைக் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே மெஷின் இருந்தது. இடது முன்கையில் இரண்டு ஊசி குத்தி, ஒரு குழாய் வழியே ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, இன்னொரு குழாய் வழியே உள்ளே விடுவார்கள். ஒரு தடவைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை. ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு மணி நேரம் பஸ், வர இரண்டு மணி நேரம். மறுநாள் அடித்துப் போட்ட மாதிரி கிடப்பேன். வேலை போகும் நிலை. கடல் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது, நான் அதைப் பார்த்தே மாதக்கணக்கானது.

சாப்பாட்டில் முதலில் விலக்கியது உப்பை. உப்பளத்து ஊரில் பிறந்தவனுக்கு இதைவிட அவமானம் உண்டா? கருவாட்டை மோந்துகூடப் பார்க்கக் கூடாது.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவும் அலுவலராக இருந்த அம்மாள் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மெஷினை வீட்டுக்கே தருவோம், தோட்டத்தில் கொட்டகை போட்டு, தண்ணீரும் கரண்டும் டெலிபோனும் அரசாங்கமே இழுத்துத் தரும் என்றாள். ஒரே நிபந்தனைதான். வீட்டில் ஒருவர் பயிற்சி எடுத்து, ஒவ்வொரு தடவையும் கூட இருக்க வேண்டும். மெஷின் வீட்டுக்கு வந்தால் வேலை தங்கும், கடல் திரும்பும், மகளோடு நடக்க நாள் கிடைக்கும். வராவிட்டால் மிச்ச ஆயுள் பஸ்ஸில். எனக்கு அப்போது வேண்டியிருந்தது அந்த ஒரு மெஷின்தான்.

"யார் கூட இருப்பார்கள்?" என்று கேட்டாள்.

"என் மச்சான்" என்றேன்.

பிலோமி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.

என் காரணத்தை நம் கடற்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சலாபத்தில் குளியாள் இடுப்பில் கயிற்றோடு இறங்குவான். மறுநுனி வள்ளத்தில் ஒருவன் கையில். மூச்சு முட்டும்போது கீழே இருப்பவன் கயிற்றை அசைப்பான், மேலே இருப்பவன் அந்த நொடியே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டோம். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு இருக்கலாம். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்போம். கயிறு நழுவினால் தாலி இழப்பது அவன் தங்கச்சி. அந்தப் பயத்தில் அவன் கண் சிமிட்ட மாட்டான். என் கயிற்றைப் பிடித்தவன் பிலோமியின் அண்ணன் சவரிமுத்து. ஒருநாள்கூட இழுக்கப் பிந்தியதில்லை.

இதையெல்லாம் என் இங்கிலீஷில் அந்த அம்மாளுக்குச் சொன்னேன். தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் கடிதம் வந்தது: பயிற்சிக்குக் கயிறு எதுவும் தேவைப்படாது, ஆஸ்பத்திரியில் கயிறு வழங்கும் ஏற்பாடும் இல்லை, வருந்துகிறோம்.

3

சவரிமுத்து அப்போது ஒரு சரக்குக் கப்பலில் வேலையாக இருந்தான். எழுதிக் கேட்டேன். "ஏலே மாப்பிள, நீ கூப்பிட்டா நான் வராம இருப்பனா? கப்பல விட்டுட்டு அங்கனயே இருந்துக்கிடுதேன்" என்று பதில் போட்டான். ஆனால் அவன் இங்கே தங்க அரசாங்கம் சம்மதிக்க வேண்டுமே. ஒரு படிவம் போய் இரண்டு படிவம் வந்தது. உங்கள் மைத்துனர் மருத்துவம் படித்தவரா? இல்லை. நர்ஸ் வேலை தெரிந்தவரா? இல்லை. பிறகு ஏன் அவர்தான் வேண்டும்? நான் முத்துக்குளிப்பைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று அச்சடித்த அட்டை வந்தது. எட்டு மாதத்தில் அதே அட்டை ஐந்து சேர்ந்தது.

அந்த எட்டு மாதமும் பஸ்தான். ஜெசிந்தா முதலில் சனிக்கிழமைகளில் வாசலில் வந்து நிற்பாள். "நாளைக்குப் போலாம்" என்பேன். மறுநாள் எழுந்திருக்க முடியாது. நாலைந்து தடவை பொய்த்த பிறகு அவள் வாசலுக்கு வருவதை நிறுத்தினாள். அறைக்குள் பாட்டுப் பெட்டியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில், அதுவும் ஒரு சொல். பள்ளியில் அவள் பெயர் ஜெஸ் என்று ஆகிவிட்டது. பிள்ளை வளர்கிறது என்றாள் பிலோமி. எனக்கென்னவோ நான்தான் அவளைத் தள்ளிவிட்டேன் என்று இருந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நம் ஊர்க் கடிதங்கள் வேறு. புதுத் துறைமுகத்துக்குக் கல்லைக் கொண்டுவந்து கடலுக்குள் கொட்டுகிறார்களாம் என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லாக் கடிதமும் ஒரே வைத்தியத்தில் முடியும்: வாழைத்தண்டுச் சாறு குடி, இளநீர் குடி, கிட்னி தன்னால் சரியாகும். இங்கே இளநீருக்கு எங்கே போவது என்று பெருமூச்சு விட்டேன்.

பிலோமி மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தாள். அவளுக்கு ரத்தம் என்றால் ஆகாது. மீன் ரத்தம் பரவாயில்லை, மனுஷ ரத்தம்தான். ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி குத்தும்போது வெளியே போய்விடுவாள். ஆனால் வெளியே போய் என்ன செய்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் மேசை டிராயரில் போட்டு மறந்த சாப்பாட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஜெசிந்தாவை மொழிபெயர்க்கச் சொல்லி, நர்ஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். அந்தப் பட்டியலில் ஆரஞ்சும் சாக்லேட்டும் இருந்தனவே தவிர நம் சாமான் ஒன்றும் இல்லை. கருப்பட்டி ஆகுமா, வாழைக்காய் ஆகுமா, தேங்காய் ஆகுமா, இளநீர் ஆகுமா? நர்ஸுக்குப் பாதி தெரியவில்லை, புத்தகம் பார்த்துச் சொன்னாளாம். எல்லாவற்றையும் ஒரு பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தாள்.

என்னிடமும் சொன்னாள். "இளநி குடிக்கக் கூடாதாம், தெரியுமா? அதுல இருக்க ஒரு உப்பு நெஞ்ச நிறுத்திருமாம்."

"ஆமா, நீ பெரிய டாக்டர்" என்றேன்.

4

சவரிமுத்துவின் கப்பல் வசந்த காலத்தில் எங்கள் துறைமுகத்துக்கே வந்தது. ஐந்து நாள் நிற்கும். மதியம் வாசலில் வந்து நின்றான், தோளில் ஒரு சாக்கு. பிலோமி வேலையில், ஜெசிந்தா பள்ளியில். என்னைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கை அவிழ்த்தான். உள்ளே பச்சைப் பசேலென்று பன்னிரண்டு இளநீர். கொழும்பில் வாங்கி, கப்பல் சமையல்காரனைக் கெஞ்சி, குளிர்ப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துக் கொண்டுவந்திருக்கிறான்.

"குடி மாப்பிள. கிட்னிக்கு இதுக்கு மேல மருந்து கெடையாது. நான் ஊர்ல வைத்தியருட்ட கேட்டுட்டுத்தான் வாரேன்."

பிலோமி சொன்னது நினைவில் வராமல் இல்லை. ஆனால் இரண்டு தம்ளர் தண்ணீரில் எட்டு மாதம் நாக்கு வறண்டவனிடம், நம் கடற்கரை மணத்தோடு, அதுவும் கயிறு பிடித்த கை நீட்டினால் யார் மறுப்பார்கள்? கயிறு பிடித்தவன் கெட்டதைக் கொடுப்பானா என்ற எண்ணம்தான் என் புத்தியை மறைத்தது. அவன் சீவிச் சீவிக் கொடுத்தான். மூன்று குடித்தேன். சொர்க்கம் என்றால் அதுதான்.

இரண்டு மணி நேரம் கழித்து உதடு மரத்தது. எழுந்தால் கால் என்னுடையதாக இல்லை. மாடிப்படியில் சரிந்தேன். சவரிமுத்து என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு குடிக்கியா மாப்பிள, தெம்பா இருக்கும்" என்றான். அவன் முகத்தில் இருந்த பாசத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்த நேரம் பிலோமி வேலை முடிந்து வந்தாள். படியில் நான், தரையில் மூன்று கூடு. மிச்ச இளநீர்ச் சாக்கைக் காலால் தள்ளிவிட்டு டாசன் வீட்டுக்கு ஓடினாள், அங்கேதான் டெலிபோன். நெஞ்சை நிறுத்தும் அந்த உப்பின் பெயரை, பொட்டாசியம் என்று, அவள் திருத்தமாகச் சொன்னதால் ஆம்புலன்ஸ்காரர்கள் வழியில் எங்கும் நிறுத்தாமல் நேராக மெஷினுக்கே கொண்டுபோனார்களாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் நெஞ்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர்.

நம் ஊரில் இதை வாசிப்பவர்கள் இளநீரைப் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு அது அமிர்தம். மெஷினில் இருப்பவனுக்கு அது விஷம். இரண்டும் ஒரே கூட்டுக்குள்தான் இருக்கிறது, டாக்டரைக் கேளுங்கள்.

5

மூன்றாம் நாள் கண் தெளிந்து படுத்திருந்தேன். பிலோமி கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். சவரிமுத்து உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றான்.

"ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுவியளா?" என்றாள்.

"கேளு."

"சலாபத்துல எங்க அண்ணன் எதுக்காகக் கயிறு பிடிச்சான்?"

"இது தெரியாதா? உன் தாலிக்காக."

"தாலி அண்ணன் கழுத்துலயா கெடக்கு?"

இருபது வருடமாக நான் பெருமையாகச் சொல்லிவந்த வழக்கத்தின் உள்ளே இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று தோன்றவே இல்லை. அவள் விடவில்லை.

"அவன் நஷ்டத்த நெனச்சுப் பிடிச்சான். நஷ்டப்படுதவளே பிடிச்சா கயிறு நழுவிருமோ? வள்ளத்துல பொம்பளய ஏத்த மாட்டிய, சரி. இங்கன வள்ளமா இருக்கு? எட்டு மாசமா அவனுக்கு மனு எழுதுனியளே, பக்கத்துல இருந்தவட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"ஒனக்கு ரத்தம் ஆகாதே" என்றேன். முனகினேன் என்பதுதான் சரி.

"ஆகாதுதான். ஆக்கிக்கிடுதேன்."

வாசலில் நின்றவன் அப்போது உள்ளே வந்தான். தங்கச்சியின் தலையில் கை வைத்தான். "ஏளா பிலோமி, நான் கடல்லதான் கயிறு பிடிப்பேன். இந்த மெஷின் எந்தக் கடலுன்னே எனக்குத் தெரியல. நீயே பிடி" என்றான். கையெடுத்துக் கும்பிட வந்தவனை அவள் அடித்துத் தள்ளினாள். இரண்டு பேரும் அழுதார்கள். நானும்தான். மறுநாள் அவன் கப்பல் புறப்பட்டது.

பயிற்சிக்கு மூன்று மாதம். முதல் நாள் ஊசி உறையைப் பிரித்ததுமே பிலோமி மயங்கி விழுந்தாள். இரண்டாம் நாளும் விழுந்தாள். மூன்றாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு செய்தாள், விழ வழியில்லை. ரத்தம் கழுவும் பாகம் ஆள் நீளத்துக்கு மூன்று பலகைகள். நடுவில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாளைச் சுருக்கம் விழாமல் விரிக்க வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து. மீன் ஆலையில் தோல் கிழியாமல் உரித்த கை அது. கூடப் பயின்ற வெள்ளைக்காரக் கணவன்மார்கள் அவள் கையைப் பார்த்துத்தான் பழகினார்கள் என்று நர்ஸ் சொன்னாள். ஆகஸ்ட் முடிந்ததும் கொட்டகை வந்தது.

வந்த முதல் வாரமே நான் ஒரு மடத்தனம் செய்தேன். மெஷினில் இருக்கும்போது சில நேரம் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். காது அடைக்கும், கண் இருட்டும். உடனே கூப்பிட வேண்டும், உப்புநீர் ஏற்றினால் சரியாகிவிடும். பிலோமி சமையலறையில் இருந்தாள், எனக்குக் காது அடைத்தது. நான் கூப்பிடவில்லை. சலாபத்தில் முதலில் கயிற்றை அசைத்தவனை வள்ளமே கேலி செய்யும். கடைசிவரை தாங்குகிறவன்தான் குளியாள். அந்தத் திமிர் ரத்தத்தில் இருக்கிறது, எந்த மெஷினாலும் கழுவ முடியவில்லை. தற்செயலாக எட்டிப் பார்த்தவள் என்னை வெளுத்துக் கிடக்கக் கண்டாள்.

எனக்கு நினைவு தெளிந்த பிறகு அவள் திட்டவில்லை. தோட்டச் சாமான் கடைக்குப் போய்க் கயிறு வாங்கி வந்தாள். ஒரு நுனியை என் வலது கால் பெருவிரலில் கட்டினாள், மறுநுனியைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள்.

"நீங்க கூப்பிட மாட்டிய. அதனால நான் இழுப்பேன். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா. நீங்க திரும்ப இழுக்கணும். இழுக்கலன்னா வந்துருவேன்."

"கயிறு பிடிக்கவன் இழுத்துப் பாக்குற வழக்கம் கெடையாது" என்றேன்.

"இனிமே உண்டு" என்றாள்.

மாதம் ஒருமுறை மெஷினைச் சோதிக்க வரும் டெக்னீஷியன் என் கால் விரலைப் பார்த்து முதலில் சிரித்தான். இப்போது இன்னொரு வீட்டிலும் கட்டச் சொல்லியிருக்கிறானாம். நான் இதை எழுதியதும் சவரிமுத்து பதில் போட்டான்: "கயிறு சேர வேண்டிய கையில சேந்துருச்சு மாப்பிள."

6

ஜெசிந்தா மட்டும் கொட்டகைப் பக்கமே வருவதில்லை. சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டி வருவதில்லை. கயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள் என்ற வெட்கம் என்று பிலோமியிடம் சொன்னாளாம். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என்ன சொல்ல முடியும்? பதின்மூன்று வயதில் அப்பன் தோட்டத்தில் கால் விரலில் கயிறு கட்டிக் கிடந்தால் எனக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தெருத்தெருவாகக் கரண்ட்டை நிறுத்தினார்கள். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்று பேப்பரில் வரும், அதைப் பார்த்து மெஷின் நேரத்தை மாற்றிக்கொள்வோம். ஒரு பிற்பகல் பேப்பரில் போடாத நேரத்தில் போய்விட்டது. நான் மெஷினில் ஏறி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ரத்தத்தைச் சுற்றவிடும் பம்பு நின்றால் குழாய்க்குள் உறைந்துவிடும். அதற்காக ஒரு கைப்பிடி வைத்திருந்தார்கள். பிலோமி அதை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தாள். வேகம் கூடக் கூடாது, குறையக் கூடாது. பத்து நிமிடம், இருபது நிமிடம். மங்கல் வெளிச்சத்தில் அவள் சுற்றும் வேகம் தளர்வது எனக்குத் தெரிந்தது. இறக்கிவிடு என்றேன். குழாயில் இருக்கும் ரத்தத்தைத் திருப்பிவிட இரண்டு கை வேண்டும், ஒரு கை சுற்றிக்கொண்டிருக்கிறதே என்றாள்.

அப்போது பள்ளி விட்டு வந்த ஜெசிந்தா, வீடு இருட்டாக இருக்கவும் அம்மாவைத் தேடி, கொட்டகைக் கதவில் வந்து நின்றாள். ஒரு கணம்தான். பையைத் தரையில் போட்டாள்.

"தள்ளும்மா."

கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். வேகம் தாறுமாறாக ஓடியது. என்னைப் பார்த்தாள்.

"எண்ணுங்கப்பா. கடல்ல எண்ணுவீங்கள்ல, அத மாதிரி."

அவள் சிறுமியாக இருந்தபோது தண்ணீருக்குள் மூச்சடக்க நான் சொல்லிக்கொடுத்த எண்ணிக்கை அது. எண்ணினேன். ஓர் எண்ணுக்கு ஒரு சுற்று. அவளும் கூடவே எண்ணினாள். இருபது வந்ததும் அவள் குரல் நின்றது. அதற்கு மேல் அவளுக்குத் தமிழில் எண்ணத் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான், பிறகு எங்கே நேரம் இருந்தது? மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நானும் ஒன்றுக்குத் திரும்பினேன்.

பிலோமி ரத்தத்தைத் திருப்பிவிட்டு என்னை இறக்கும்வரை ஒன்றிலிருந்து இருபது, ஒன்றிலிருந்து இருபது. கடைசிக் குழாயைக் கழற்றியதும் ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளையில் அழுத மாதிரி அழுதாள். அடுத்த வாரம் இரண்டு சிநேகிதிகளைக் கூட்டி வந்து, கொட்டகைக்குள் நிறுத்தி, அந்தக் கைப்பிடியை அவர்களுக்குக் காட்டினாள்.

7

நேற்று மெஷின் இல்லாத நாள். கொட்டகைக்கு ஒரு வயது. பள்ளி திறக்க இன்னும் நாலு நாள் இருக்கிறது. இந்த ஊர்க் கடல் கொஞ்சமாவது சூடாக இருப்பது இந்த ஒரு மாதம்தான். நீந்தலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்திருந்தேன். ஊசி குத்திய இடம் ஆறியிருந்தால் இறங்கலாம், மார்பளவுத் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது என்றிருந்தார்கள்.

மூன்று பேரும் போனோம். கரையில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் காற்றுக்குத் துணித் தட்டி கட்டிக்கொண்டு சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சட்டையைக் கழற்றியதும் பிலோமி பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். கொட்டகைக் கயிறேதான், அவிழ்த்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

"ஏளா, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். கயிறு இல்லாம எந்தக் குளியாள் எறங்குவான்?"

இடுப்பில் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு மறுநுனியைத் தான் பிடிக்காமல் ஜெசிந்தாவிடம் கொடுத்தாள். மகள் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, முழங்கால் ஆழத்தில் காலை ஊன்றி நின்றாள். பின்னால் அவள் தோளைப் பிடித்தபடி அவள் அம்மா.

தண்ணீர் அதே ஐஸ்தான். மார்பளவு வந்ததும் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். மூச்சை இழுத்து முங்கினேன். இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. காதுக்குள் அந்த ஓசை, கண்ணுக்கு முன்னே பச்சை வெளிச்சம், காலடியில் மணல். உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. இடுப்பிலிருந்து கயிறு இறுக்கமாக மேலே போவது தெரிந்தது. எண்ண ஆரம்பித்தேன்.

சலாபத்தில் எண்பது வரை தங்குவேன். நேற்றும் நாற்பதைத் தாண்டியிருப்பேன், நெஞ்சில் காற்று இருந்தது. ஆனால் இருபது வந்தபோது மேலே அவளுக்கு எண்கள் தீர்ந்திருக்கும் என்று தோன்றியது. அதற்கு மேல் அவளைக் காக்க வைக்க மனம் வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, மூச்சு மிச்சம் இருக்கும்போதே கயிற்றை அசைத்தேன்.

அந்த நொடியே இழுத்தாள். அவள் மாமனுடைய கை அப்படியே இருந்தது.

"இவ்வளவுதானா ஒங்க சலாபம்?" என்று சிரித்தாள் பிலோமி. ஜெசிந்தா துண்டை என்மேல் போட்டாள். தானும் ஒன்றைப் போர்த்திக்கொண்டாள், பல் தந்தியடித்தது. கயிறு இன்னும் அவள் கையில் சுற்றியிருந்தது.

"நாளைக்குமாப்பா?" என்றாள்.

"நாளைக்கு மெஷின்" என்றேன். "நாளை மறுநாள்."

அந்த மெஷின் நாள்தான் இன்று. இடது கையில் ஊசி, வலது கையில் பேனா, கால் விரலில் கயிறு. உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்ததால் கயிறு விறைப்பாக இருக்கிறது. இதோ, சமையலறையிலிருந்து இழுக்கிறார்கள். பிலோமி ஒரு தடவைதான் இழுப்பாள். இது இரண்டு தடவை, அவசரமாக, விளையாட்டாக. நானும் இரண்டு தடவை இழுத்துப் பதில் சொல்லிவிட்டேன். நாளைக்குக் கடலுக்குப் போகிறோம்.